பெகி கொடுத்த நாற்காலி

தங்க ரேக்கு ஒட்டிய நாற்காலியைக் காரில் ஏற்றுவது லேசான காரியமில்லை. தொடுகிற இடமெல்லாம் உதிர்ந்துவிடுமோ என்று கை கூசும். ஹிலரி அதைப் பழைய கம்பளியால் சுற்றி, காரின் பின்சீட்டை மடக்கி, முதுகு கீழே இருக்கும்படி மெல்லப் படுக்கவைத்தாள். கதவைச் சாத்தும்போது, தலைவலி என்று சொல்லிவிட்டுப் போகாமலே இருந்துவிடலாமே என்று தோன்றியது.

அது நகல் நாற்காலி என்பது அவளுக்குத் தெரியும். அதைத்தான் இன்று யார்க்கிலிருந்து வரும் ஆராய்ச்சிக்கார அம்மாள் டார்ச் அடித்துப் பார்த்து நாலு பேருக்கு நடுவில் சொல்லப் போகிறாள். அந்த நாலு பேரில் பெகியும் ஒருத்தி. இருபது வருஷமாக மனசுக்குள் மடித்து வைத்திருந்த விஷயம் தங்கை லோர்னாவின் கூடத்தில் எல்லோர் கண் முன்னாலும் வந்து நிற்கும். அப்போது பெகியின் முகம் எப்படி இருக்கும்? அதைப் பார்க்கவும் பயமாக இருந்தது, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஹிலரி காரைக் கிளப்பினாள்.

பெகி அவளுடைய சித்தி. ஹிலரிக்கு ஆறு வயதில் அம்மா போய்விட்டாள். மறுவருஷமே அப்பா பெகியைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்குப் பிறகு பிறந்தவள் லோர்னா. அப்பா பெவர்லியில் வக்கீல். வீட்டு முன்னறையில் கணப்பின் இரண்டு பக்கமும் இரண்டு தங்க நாற்காலிகள் நிற்கும். அவருடைய தாத்தா, ஏதோ ஒரு மாளிகையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது பிடித்துப் போட்டவை. முட்டை வடிவ முதுகு, சுருண்டு முடியும் கைகள், மெலிந்துகொண்டே இறங்கும் கால்கள். அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். இருக்கைகள் மட்டும் வேறு வேறு. ஒன்றில் சாயம் போன பச்சைப் பட்டு. மற்றதில் கம்பளி நூலால் தைத்த நீலப் பூக்கள். வீட்டில் அவற்றைப் பச்சைச் சீமாட்டி, பூச்சீமாட்டி என்றுதான் சொல்வார்கள்.

அந்தப் பூக்களைத் தைத்தவள் பெகி. கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்தில், சட்டத்தில் துணியை மாட்டிக்கொண்டு கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் ஏழு வயது ஹிலரியைக் கூப்பிட்டு, கையில் ஊசியைக் கொடுத்து, "இந்த மூலை உன்னோடது" என்றாள். ஹிலரிக்கு அந்த வீட்டில் பெகி உட்கார்ந்திருப்பதே பிடிக்கவில்லை. வேண்டுமென்றே தையலையெல்லாம் எதிர்ப்பக்கமாகப் போட்டு, நூலை வெறிகொண்டு இழுத்து, அந்த மூலையைக் கந்தரகோலம் செய்து வைத்தாள். பெகி ஒன்றும் சொல்லவில்லை. பிரிக்கவும் இல்லை.

அப்பா காலமான பிறகு இன்சூரன்ஸுக்கு விலை மதிப்பிட ஒருவர் வந்தார். நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டு வெகுநேரம் பார்த்தார். ஹிலரி டீத் தட்டோடு உள்ளே நுழைந்த நேரம் அவர் பெகியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பச்சை போட்டிருக்கே, அது அசல். பூப் போட்டது நூறு வருஷம் கழிச்சு ஜோடிக்காகச் செஞ்சது. நல்ல நகல்தான். ஆனா நகல்."

"சர்க்கரை எத்தனை ஸ்பூன் போடட்டும்?" என்று மட்டும் பெகி கேட்டாள்.

அடுத்த வசந்தத்தில் பெகி பெரிய வீட்டை விட்டு அதே ஊரில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனாள். நாற்காலிகளைப் பெண்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். பச்சை லோர்னாவுக்கு. பூ ஹிலரிக்கு.

"ரொம்ப அழகா இருக்கு, பெகி" என்றாள் ஹிலரி.

"உனக்குப் பிடிச்சா சரிதான், கண்ணு" என்றாள் பெகி.

அவ்வளவுதான் பேச்சு. அந்தக் குடும்பத்தில் நேருக்கு நேர் எதையும் கேட்கிற வழக்கமே கிடையாது. மழை வருமா, ரோஜாவில் ஏன் புழு விழுகிறது, ஹல் ரயில் ஏன் தாமதம் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். மனசில் இருப்பதைக் கேட்பது மட்டும் சாப்பாட்டு மேஜைமேல் காலைத் தூக்கி வைப்பது மாதிரி. ஹிலரி அந்த நாற்காலியைக் கொண்டுபோய் மாடியில் யாரும் படுக்காத அறையில் போட்டாள். பெற்ற மகளுக்கு அசலும், நீ கெடுத்த மூலையோடு சேர்த்து உனக்கு நகலும் என்று அது தினமும் சொல்வதுபோல் இருந்தது. சொல்லாமல் இருக்கட்டும் என்று துவைத்த துண்டுகளை அதன்மேல் அடுக்கி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பெகி வீட்டுக்குச் சாப்பிடப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. போவாள், சிரிப்பாள், பாத்திரம் கழுவிக் கொடுப்பாள், திரும்பி வருவாள்.

லோர்னாவின் வீடு டிரிஃபீல்டுக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில். வாசலிலேயே லோர்னா நின்றுகொண்டிருந்தாள்.

"வந்துட்டியா ஹில். நீ வரமாட்டேன்னு கிளைவ் பந்தயம் கட்டினான்."

"நான் கட்டல. ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்" என்றான் அவளுடைய கணவன் கிளைவ், பின்னாலிருந்து. "நீ வரலன்னா இன்னைக்கு நான் ஃபுட்பால் பாத்திருப்பேன். வா, அந்தக் கால் பக்கம் பிடி."

கூடத்தில் பச்சைச் சீமாட்டி கோயில் விக்கிரகம் மாதிரி நின்றது. அதன் முன்னால் குட்டைத் தூண்களில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. யார்க்கிலிருந்து வந்திருந்த தர்ஸா மாலின்சன் அந்தக் கயிற்றையே சங்கடத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான, நரைத்த கிராப்பு வெட்டிய பெண். பழைய நாற்காலிகளைச் செய்தது யார் என்று தேடி ஊர் ஊராக அலைவதுதான் அவள் உத்தியோகம். அந்த மாளிகையிலிருந்து சிதறிப்போன நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டே வந்தவள், கடைசியில் லோர்னாவிடம் வந்து சேர்ந்திருந்தாள்.

"கயிறு எதுக்குன்னு பாக்கறீங்களா? எனக்குத்தான்" என்றான் கிளைவ். "கல்யாணம் ஆகி முப்பது வருஷம். அந்த நாற்காலியில ஒரு நிமிஷம் உட்கார விட்டதில்ல."

"உன் பேன்ட்ல எப்பவும் சேறு" என்றாள் லோர்னா.

"நான் விவசாயி. வேற என்ன இருக்கும், ஜவ்வாதா?"

பெகி ஜன்னலோரம் இஞ்சி கேக் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். எண்பத்தெட்டு வயசு. காது கொஞ்சம் மந்தம், நாக்கு துளியும் மந்தமில்லை. "ஹிலரி, நீ இளைச்சுட்டே. இந்தக் கேக் ரொம்ப வறட்சி, ஆனா சாப்பிடு" என்றாள்.

"அம்மா, நான் செஞ்ச கேக்" என்றாள் லோர்னா.

"அது தெரியுது."

தர்ஸா முதலில் ஹிலரியின் நாற்காலியைத்தான் எடுத்துக்கொண்டாள். பூப்போட்ட இருக்கையை அடியிலிருந்து தள்ள, அது தனியாகக் கழன்று வந்தது. இந்த மாதிரி நாற்காலிகளில் மெத்தை மாற்றும்போது தங்க வேலை கெட்டுப்போகக் கூடாது என்று இருக்கையைத் தனிச் சட்டமாகச் செய்து உள்ளே பொருத்தியிருப்பார்கள். தர்ஸா அந்தச் சட்டத்தைத் திருப்பி விரலால் தடவினாள்.

"மிஷின் ரம்பத்துல அறுத்த பலகை. விக்டோரியா ராணி காலத்துக்கு முன்னால போக வாய்ப்பில்ல."

ஹிலரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இதுதான் என்று தெரிந்துதானே வந்தாள். ஓரக்கண்ணால் பெகியைப் பார்த்தாள். பெகி கேக்கிலிருந்த திராட்சையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

தர்ஸா தரையில் மல்லாந்து படுத்து நாற்காலிக்கு அடியில் தலையை விட்டாள். டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் ஓடி ஓரிடத்தில் நின்றது. அப்புறம் அசையவே இல்லை.

"உயிரோட இருக்கீங்களா?" என்றான் கிளைவ்.

"ஹிலரி, கொஞ்சம் இங்க குனிஞ்சு பாருங்களேன்" என்றது அடியிலிருந்து குரல். "இந்த உள்பக்கக் கட்டையில ஒரு பள்ளம் வெட்டியிருக்கு, தெரியுதா? பசை காயற வரைக்கும் இடுக்கி வழுக்காம நிக்கறதுக்காக வெட்டறது. இந்த அறுப்புக் கோடெல்லாம் பாருங்க, கோணலும் மாணலுமா இருக்கு. கையால அறுத்தது. தங்கம் தேஞ்ச இடத்துல செம்மண் பூச்சு தெரியுது, அதுக்குக் கீழ வெள்ளைச் சுண்ணம். இங்க உளியால மூணு கோடு போட்டிருக்கு. செட்ல மூணாவது நாற்காலின்னு அர்த்தம்."

"அப்படின்னா?" என்றாள் ஹிலரி. மண்டியிட்ட முழங்கால் வலித்தது.

"இது பழசு. நிஜமான பழசு." தர்ஸா அப்படியே படுத்த வாக்கில் சிரித்தாள். "இன்னொன்னு பாருங்க. கட்டையோட ஓரத்துல டி, டபிள்யூன்னு ரெண்டு எழுத்து முத்திரை. செஞ்ச ஆளு தன் வேலைக்கு வெச்ச அடையாளம். இதே முத்திரையை இந்தச் செட்டோட இன்னொரு நாற்காலியிலயும் பாத்திருக்கேன். எங்க ஊர்ச் சர்ச்சுல ஒரு பெஞ்சுலயும் பாத்திருக்கேன். எல்லாரும் இது லண்டன்ல பேர் போன பட்டறையில செஞ்சதுன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. இல்ல. யார்க்லயே செஞ்சிருக்காங்க. முதலாளி யாருன்னு தெரியல. கை இவனுடையதுதான்."

"இருக்கலாம்னு சொல்லாம இருக்கீங்களே. காலையிலேருந்து எல்லாத்துக்கும் இருக்கலாம், இருக்கலாம்னீங்க" என்றான் கிளைவ்.

"இதுக்கு வேண்டாம்" என்றாள் தர்ஸா.

பிறகு பச்சைச் சீமாட்டியின் முறை. லோர்னாவே கயிற்றை அவிழ்த்தாள். இருக்கை லேசில் வரவில்லை. கிளைவ் அடியிலிருந்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டியதும் பொத்தென்று எகிறி வந்தது. பச்சைப் பட்டுக்கு அடியில் இருந்த சட்டம் கறுத்து, புழு அரித்து, விளிம்பில் உளியால் வெட்டிய மூன்று கோடுகளோடு இருந்தது. ஆனால் நாற்காலியின் கட்டைகள் மழமழவென்று இருந்தன. இடுக்கிப் பள்ளம் இல்லை. எண் இல்லை. முத்திரை இல்லை.

"சீட்டு ரெண்டும் இடம் மாறியிருக்கு" என்றாள் தர்ஸா, பூனைக்குட்டியைக் கையில் கொடுப்பதுபோல மெதுவாக. "லோர்னா, உங்க சீட்டு பழசு. நாற்காலி பின்னால செஞ்சது."

முதலில் எழுந்தவன் கிளைவ்தான். நேரே போய், சட்டத்தின் நடுவே வெறும் ஓட்டையாக இருந்த அந்த நாற்காலியில் பச்சை இருக்கையை எடுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நாற்காலிக் கைகள்மேல் ராஜா மாதிரி வைத்துக்கொண்டான்.

"எழுந்திரு" என்றாள் லோர்னா.

"எதுக்கு? நகல்தானே."

லோர்னா அவனை முறைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "முப்பது வருஷமா நாயை, பூனையை, உன்னை எல்லாத்தையும் விரட்டியிருக்கேன்."

"நாற்காலி வந்து இருபது வருஷம்தான். அதுக்கு முந்தின பத்து வருஷம் வேற எதுக்காகவோ விரட்டினே."

"அதைக் குறை சொல்லாதீங்க" என்றாள் பெகி திடீரென்று. "ஒத்தையா நின்ன நாற்காலிக்கு எதிர்ல ஒண்ணு வேணும்னு யாரோ கொண்டாந்து வெச்சிருக்காங்க. அதுவும் பாவம், பழசு மாதிரியே நின்னு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கு. நான் எப்பவும் அதுலதான் உட்காருவேன்."

"சீட்டு எப்ப மாறியிருக்கும்?" என்று லோர்னா கேட்டாள்.

"மெத்தை தைக்கறவங்க மாத்திடறது உண்டு. ரெண்டையும் கழட்டி வெச்சுட்டு, மாட்டறப்ப மறந்துடுவாங்க" என்றாள் தர்ஸா.

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் பெகி. "எனக்கு இன்னொரு துண்டு கேக் குடு."

வறட்சியான கேக்கில் இன்னொரு துண்டு. ஹிலரி பெகியைப் பார்த்தாள். பெகி தட்டைப் பார்த்தாள். ஹிலரிக்கு மெல்ல ஒன்று புரிந்தது. மதிப்பிட வந்தவர் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் பச்சை அசல் என்றார். அன்றைக்கு இருக்கைகள் சரியான இடத்தில் இருந்திருக்கின்றன. அதற்குப் பிறகு எந்த மெத்தைக்காரனும் அந்த வீட்டுக்கு வரவில்லை. நாற்காலிகள் கைமாறும்வரை அவற்றோடு இருந்தவள் பெகி ஒருத்திதான்.

படம் எடுப்பதற்காக தர்ஸா பச்சை இருக்கையை மூன்றாம் எண் நாற்காலியில் பொருத்தினாள். இரண்டு கைகள் கோத்துக்கொள்வதுபோலச் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. "இப்படியே விட்டுடலாமா? முறைப்படி இதுதான் சரி" என்று ஆசையோடு கேட்டாள்.

"படம் எடுத்துட்டீங்கன்னா பூவையே போட்டுக் குடுத்துடுங்க" என்றாள் ஹிலரி.

சாயங்காலம் பெகியைக் கொண்டுபோய் விட எப்போதும்போலக் கிளைவ் சாவியை எடுத்தான். "நான் விடறேன்" என்று ஹிலரி சொன்னதும் பெகி கோட்டின் பொத்தானை மேலிருந்து கீழ்வரை போட்டுக்கொண்டாள், மறுபடி சரிபார்த்தாள்.

கார் கிளம்பிக் கொஞ்ச தூரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு லோர்னாவின் கேக்கைப் பற்றி. பிறகு பெகி, "இது பெவர்லிக்குப் போற வழி இல்லையே" என்றாள்.

"இல்ல. ஹார்ன்சீக்குப் போறோம். மீனும் சிப்ஸும் வாங்கித் தரேன்."

"கடத்திக்கிட்டுப் போறியா? எனக்கு யாரும் பணம் குடுத்து மீட்க மாட்டாங்க."

கடலோரத்தில் காரை நிறுத்தி, ஹிலரி இறங்கிப்போய் இரண்டு பொட்டலம் வாங்கி வந்தாள். வினிகர் வாசனையில் கார்க் கண்ணாடி மங்கியது. எதிரே கடல் சாம்பல் நிறத்தில், இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மழையோடு கிடந்தது. ஹிலரி ஒரு சிப்ஸை எடுத்தாள், வைத்தாள். அறுபது வருஷப் பழக்கம் அவள் வாயைப் பொத்தியது. மழையைப் பற்றி இன்னொரு முறை சொல்லிவிடலாம் போலிருந்தது.

"பெகி, சீட்டை மாத்தினது நீங்கதானே?"

"மெத்தைக்காரன்..."

"எந்த மெத்தைக்காரனும் வரல."

பெகி மீனின் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள். "ஆமா. நான்தான்" என்றாள் கடைசியில். "ஒரு மத்தியானம் பூரா ஆச்சு. உள்ள போகவே மாட்டேன்னுது. ரொட்டிக் கட்டையால தட்டித் தட்டி உள்ள இறக்கினேன்."

"ஏன்?"

"ஏன்னா என்ன கேள்வி? நாற்காலி உங்க அப்பா வீட்டுது. மூத்தவ நீ. அசல் உனக்குத்தான் போகணும், அதுல யோசிக்க என்ன இருக்கு? ஆனா அந்தப் பச்சைப் பட்டோட குடுக்க எனக்கு மனசு வரல. அது யாரோ எவரோ போட்டது. பூ நாம தெச்சது. நீயும் நானும். அதுல போய் லோர்னா எதுக்கு உட்காரணும்?"

ஹிலரியின் மடியில் இருந்த பொட்டலம் சுட்டது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"லோர்னா பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. அவ காதுபட உனக்கு அசல், அவளுக்கு நகல்னு சொல்லச் சொல்றியா? அப்புறமா உன்னைத் தனியாப் பாத்துச் சொல்லணும்னு இருந்தேன். சொல்லலாம்னு உன் வீட்டுக்கு வந்தா, அதை மாடியில போட்டு மேல துண்டு அடுக்கி வெச்சிருக்கே. சரி, நான் தெச்சது இவளுக்குக் கண்ணுல படவே வேண்டாம் போலன்னு நினைச்சுக்கிட்டேன். அதோட வாயை மூடிக்கிட்டேன்."

"அதை நகல்னு நினைச்சேன் பெகி. அந்த ஆளு உங்ககிட்ட சொன்னது என் காதுல விழுந்துது. பூப் போட்டது நகல்னான். நான் கெடுத்த மூலையும் அதுலதான் இருக்கு. அதனால அதை என்கிட்ட தள்ளிவிட்டுட்டீங்கன்னு..."

பெகி அவளைத் திரும்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அந்த முகத்தில் இருபது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடுகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போவதுபோல இருந்தது.

"அடி அசடே" என்றாள். "அந்த மூலையை நீ பாத்தியா? பாத்திருக்க மாட்டே, துண்டு மூடியிருக்கும். நான் போட்ட தையல் எல்லாம் தேஞ்சு போச்சு. நீ கோவத்துல இழுத்து இழுத்துப் போட்டது மட்டும் அப்படியே இருக்கு. இன்னைக்கு அந்தப் பொண்ணு கழட்டி வெச்சப்ப பாத்தேன்."

ஹிலரி அழுதாள். சிரித்துக்கொண்டேதான் அழுதாள். கையெல்லாம் எண்ணெய், கண்ணைத் துடைக்க முடியவில்லை. பெகி தன் கைப்பையைத் துழாவி, மடித்த கைக்குட்டையை எடுத்து, குழந்தைக்குத் துடைப்பதுபோல அவசரமாகவும் கொஞ்சம் அழுத்தியும் துடைத்துவிட்டாள். இரண்டு பேருக்கும் அது பழக்கமில்லாத காரியம். கைக்குட்டை மூக்கிலும் பட்டது.

"லோர்னாவுக்கு வருத்தமா இருக்குமா?" என்றாள் ஹிலரி கொஞ்ச நேரம் கழித்து.

"அவளுக்கு என் பியானோ குடுத்தேன், மோதிரம் குடுத்தேன். அதோட கிளைவுக்கு உட்கார ஒரு இடம் கிடைச்சுது. அவ நல்லாத்தான் இருப்பா." பெகி ஒரு சிப்ஸைக் கடித்தாள். "ஆறிப்போச்சு."

வெளியே மழை ஒரு வழியாக முடிவெடுத்து இறங்க ஆரம்பித்தது. ஹிலரி வண்டியைக் கிளப்பவில்லை.

"உங்களை இன்னொண்ணு கேக்கவா?"

"கேளு."

"எங்க அம்மா போன மறுவருஷமே அந்த வீட்டுக்கு வந்தீங்களே. உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இல்லாம? உன்னைக் கண்டுதான் பயம். வாசல்ல நின்னு என் பெட்டியை ஒரு பார்வை பாத்தே பாரு, அப்படியே அடுத்த ரயிலைப் பிடிச்சுப் போயிடலாமான்னு இருந்துது." பெகி ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கோட்டுக் கையால் துடைத்துவிட்டு உட்கார்ந்த இடத்தில் வாகாகச் சாய்ந்துகொண்டாள். "இன்னும் இந்த மாதிரி எத்தனை கேள்வி வெச்சிருக்கே?"

"நிறைய இருக்கு."

"அப்ப போய் ரெண்டு டீ வாங்கிட்டு வா. என்னுதுல சர்க்கரை அதிகமாப் போடச் சொல்லு."